நூற்றுக்குப் பன்னிரண்டு

2016 மார்ச் 14, திங்கட்கிழமை காலை, பாஸ்ராவுக்கு மேற்கே ஸுபைர் சாலையில் இருக்கும் எரிவாயுப் பயன்பாட்டு உயர் ஆய்வு நிலையத்தில், மீத்தேன் தீர்ந்துபோனதால் உலை அணைக்கப்பட்டது. அன்று நிலையத்தின் மேல்மாடிச் சன்னலிலிருந்து பார்த்தால் பதினொரு எரிகம்பங்கள் தெரிந்தன. பதினொன்றும் எரிந்துகொண்டிருந்தன.

கம்பங்களில் எரிவது எண்ணெயோடு கூடவே வரும் வாயு. பெரும்பகுதி மீத்தேன்தான். பிடித்துவைக்க வழியில்லாததால் கொளுத்திவிடுகிறார்கள். எங்கள் பகுதிப் பிள்ளைகள் இருட்டான இரவைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். இந்த வாயுவை வீணாக்காமல் உருப்படியான பொருளாக மாற்ற வழி கண்டுபிடிப்பதற்காக அரசு எங்கள் நிலையத்தைக் கட்டியது. எங்கள் உலைக்கு வேண்டிய மீத்தேன் ஹாலந்திலிருந்து சிலிண்டரில் வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் நுழையும் எந்த வாயுவுக்கும் தூய்மைச் சான்றிதழ் வேண்டும் என்று நிலையத்தில் ஒரு விதி உண்டு. சன்னலுக்கு வெளியே எரியும் வாயுவுக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. அந்த விதியை எழுதியவன் நான்தான். வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பிய முதல் வருடம். எதையாவது எழுதவேண்டும் போலிருந்தது.

புதிய சிலிண்டர்கள் உம்மு கஸ்ர் துறைமுகத்தில் மாதக்கணக்காகக் கிடந்தன. எங்கள் நிலையத்தின் பாதுகாப்புப் பிரிவு அவற்றை உள்ளே விட மறுத்துவிட்டது. எளிதில் தீப்பற்றும் வாயுவைத் திறந்த நெருப்பு இருக்கும் பகுதிக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவர்கள் விதி. சுற்றியிருக்கும் நெருப்புகளை அணைத்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கும்படி பதில் வந்தது. பொறுமையான பதில். 'அன்புள்ள டாக்டர்' என்று தொடங்கியிருந்தது.

நான் டாக்டர் முந்திர். மீத்தேனைக் குளோரின் சேர்மங்களாக மாற்றும் அலகின் தலைவன். அலகில் என்னைத் தவிர இரண்டு பேர். வருகிற வாயு, போகிற வாயு இரண்டையும் அளந்து சொல்பவள் நிதால். அவள் வேலையும் அவள் நாக்கும் ஒரே அளவுக்குத் துல்லியம். குழாய், கம்பி, உலை எல்லாவற்றுக்கும் ஷனாவா. அவன் வீடு ஏழாம் கம்பத்துக்கு நேர் கீழே. வெள்ளைப் புறா வளர்க்கிறான். அவை வெள்ளை என்பதை அவன் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், அது ஒன்றும் பெரிய வித்தையில்லை. மீத்தேனில் ஒரு கார்பன், அதைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன். ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு குளோரினை வைத்தால் மீத்தைல் குளோரைடு. அதிலிருந்து சிலிக்கோன் செய்யலாம், பிளாஸ்டிக் செய்யலாம், பெட்ரோல்கூடச் செய்யலாம். கஷ்டம் எங்கே என்றால், ஒன்றோடு நிற்பதில்தான். வினை நடக்கக் கொஞ்சம் ஆக்சிஜனும் உள்ளே விடவேண்டும்; சூடு கூடினால் மீத்தேன் குளோரினை மறந்துவிட்டு அந்த ஆக்சிஜனோடு ஓடிவிடும். அதற்கு எரிதல் என்று பெயர். ஓடாமல், ஒன்றோடு நிறுத்தி, வந்த வேலையைப் பார்க்கச் சொல்வதற்குத்தான் குழாய்க்குள் ஒரு திடப்பொருள். அதுதான் வினையூக்கி. எங்களுடையது லாந்தனம் என்ற உலோகத்தின் உப்பு, பார்வைக்குச் சுண்ணாம்புத் தூள். எட்டு வருடம் அதை அரைத்தேன், சுட்டேன், மறுபடி அரைத்தேன். என் மனைவி அதற்கு 'வெள்ளைக்காரி' என்று பெயர் வைத்திருந்தாள். அது வீட்டில் என் வாயிலிருந்து அதிகம் வந்த பெயர் என்பது அவள் குற்றச்சாட்டு.

எட்டு வருடத்தின் பலன் இதுதான். உள்ளே போகும் மீத்தேனில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு மாறியது. மாறிய பன்னிரண்டில் பத்து, நாங்கள் கேட்ட பொருளாகவே மாறியது. மீதி எண்பத்தெட்டும் வந்தபடியே வெளியேறியது. அதைப் பிடித்து மறுபடி உள்ளே விடலாம். விரல் தடிமன் குவார்ட்ஸ் குழாய், ஒரு நாள் உற்பத்தி ஒரு அத்தர் குப்பிக்குள் அடங்கும். இருந்தாலும் அது நடந்தது. உலகத்தில் சிலரிடம்தான் நடந்தது. அதை நினைத்து நான் சில மாலைகளில் காரணமில்லாமல் டீக்கடைக்காரருக்கு இரண்டு டீக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

ஏப்ரலில் இயக்குநர் உஸ்தாத் ஃபாதில் அழைத்தார். அவர் மேஜையில் எலுமிச்சை வற்றல் டீ இரண்டு கோப்பை இருந்தது. இரண்டும் அவருக்கு. பாக்தாதில் அமைச்சகம் புது மதிப்பீட்டு முறை கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். இனி ஒவ்வொரு அலகுக்கும் ஒரே ஒரு எண்தான். அதன் பெயர் மாற்ற விகிதம். உள்ளே போனதில் எத்தனை சதவீதம் வேறாக மாறியது என்பது மட்டும் கேட்கப்படும். ஐம்பதுக்குக் கீழே இருக்கும் அலகுகள் மூடப்படும். அதில் இருப்பவர்கள் ஸமாவா பாலைவனத்து உப்புக் கிடங்குக்கு மாற்றப்படுவார்கள்.

என்னவாக மாறியது என்பது முக்கியமில்லையா என்று கேட்டேன். அதற்கும் ஓர் எண் உண்டு, தேர்வுத்திறன் என்று பெயர், எங்களுடையது எண்பதுக்கு மேல் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் தோளில் கை வைத்தால் நல்ல செய்தி இல்லை என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"அபூ வஸீம், என் கண்ணு. உங்க வஸீம் பரீட்சையில பன்னெண்டு வாங்கிட்டு வந்து, 'வாப்பா, பன்னெண்டுதான், ஆனா எழுதினதுல பாதிக்கு மேல சரி'ன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

அது வேறு என்றேன்.

"வேறதான். அவனுக்கு அடி விழும், உங்களுக்கு ஸமாவா."

இந்த எண்ணை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். அவர் அலமாரியிலிருந்து பளபளப்பான ஒரு சிறு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நிலையத்தின் ஆண்டுவிழாவுக்காக நான் எழுதியது. 'ஒரு நாட்டின் முன்னேற்றம் அதன் மாற்ற விகிதத்தில் இருக்கிறது' என்று முதல் பக்கத்தில் இருந்தது. அமைச்சருக்கு அந்த வரி பிடித்துப்போயிற்றாம்.

அறைக்குத் திரும்பி இருவரிடமும் சொன்னேன். ஷனாவா யோசித்துவிட்டு, ஸமாவாவில் கம்பம் இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். அப்படியானால் புறாக்களுக்கு நல்லது என்றான். நிதால் அவ்வளவு எளிதாக விடவில்லை.

"முன்னேற்றம்னு ஒரு வரி, சான்றிதழ்னு ஒரு விதி. டாக்டர், நீங்க எழுதாம இருந்திருந்தா இந்த நாட்டுக்கு வேற எதிரியே தேவைப்பட்டிருக்காது."

எனக்குப் பதில் இருந்தது. அதையும் எழுதத்தான் தோன்றியது. பேனாவை மூடிவைத்தேன்.

மே மாதம் பாக்தாதிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். உஸ்தாத் ஹாத்திம் என்று பெயர். அகலமான மனிதர், மெல்லிய குரல். எங்களுக்கு முன்னால் கட்டடப் பராமரிப்பு அலகைப் பார்த்தார். அவர்கள் மாற்ற விகிதம் நூறு. எல்லாக் கதவுக் கைப்பிடிகளையும் மாற்றியிருந்தார்கள். சமையற்கூடம் தொண்ணூற்றைந்து, அரிசி முழுவதும் சோறாக மாறியதால். ஐந்து அடிப்பிடித்ததற்குக் கழிக்கப்பட்டது. எங்கள் அறைக்கு வந்து, பன்னிரண்டு என்று கேட்டு, மன்னிக்க முடியாதவரின் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிறகு விருந்தினர் விடுதிக்கு மீன் சாப்பிடப் போய்விட்டார்.

உஸ்தாத் ஃபாதில் பதறவில்லை. அவர் தெற்கத்தி ஆள். எங்கள் பக்கம் கார் மோதினாலும் கால் உடைந்தாலும் வழக்கு நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் கூடாரத்துக்குப் போகும். இரு தரப்பு ஷேக்குகளும் உட்கார்ந்து ஈட்டுத்தொகை பேசுவார்கள். முதலில் மலையளவு கேட்பார்கள். பிறகு இறைவனுக்காகக் கொஞ்சம், வந்திருக்கும் பெரியவர்களுக்காகக் கொஞ்சம் என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். கேட்கப் போனவர்கள் தங்களுக்குக் கொடுத்த காபியைத் தொடாமல் கீழே வைப்பார்கள். 'காபியைக் குடிங்க' என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டால், கேட்டது கிடைத்தது என்று பொருள். காபி ஆறுவதற்குள் சொல்லாமல் இருப்பது வீட்டுக்காரருக்கு அவமானம்.

இதுவரை யாரும் ஒரு வேதியியல் எண்ணைக் கூடாரத்துக்குக் கொண்டுபோனதில்லை. இயக்குநர் கொண்டுபோனார்.

விருந்தினர் விடுதியின் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். கூடாரம் எங்களுடையது, காபி எங்களுடையது, உஸ்தாத் ஹாத்திமும் எங்கள் செலவில் தங்கியிருந்தவர். அன்று மாலைக்கு மட்டும் அவர் வீட்டுக்காரர், நாங்கள் அவர் வாசலுக்கு வந்தவர்கள். எங்கள் தரப்புக்கு ஷேக் மிஸ்ஹிர் வந்தார். நிலையம் நிற்கும் நிலம் அவருடைய குடும்பத்தினுடையது. வாடகை வாங்குகிறார், அதனால் அறிவியலில் அக்கறை உள்ளவர். அவருக்குப் பின்னால் பாய்களில் நிலையத்தின் எல்லா அலகுத் தலைவர்களும் கால்மடித்து உட்கார்ந்திருந்தோம். பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் என் பக்கத்தில் இருந்தார். கூடாரத்தில் காபி அடுப்பு எரிவதற்கு அவரே அனுமதி கொடுத்திருந்தார்.

காபி வந்தது. வாங்கினோம். தொடாமல் கீழே வைத்தோம். உஸ்தாத் ஹாத்திமின் முகம் மாறியது. பாக்தாதில் வேலை பார்த்தாலும் அவர் பிறந்தது தெற்கே நாஸிரிய்யா பக்கம்.

ஷேக் முதலில் என் பக்கம் திரும்பி நடந்ததை விசாரித்தார். நூறு போனது, பன்னிரண்டு மாறியது என்றேன்.

"மீதி எம்பத்தெட்டை யாரு தின்னது?"

யாரும் தின்னவில்லை, உள்ளே போனபடியே வெளியே வந்துவிட்டது என்றேன்.

"உசிரோட இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

ஷேக் நிம்மதியாக மூச்சு விட்டார். "அப்ப இது கொலை இல்ல. ஓடிப்போன கேஸு. இதுக்கு இவ்வளவு கேக்கக்கூடாது, ஹாத்திம். அம்பதுக்கு முப்பத்தெட்டு குறையுது. எதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

உஸ்தாத் ஹாத்திம் தன் முன்னால் ஆறிக்கொண்டிருந்த கோப்பைகளைப் பார்த்தார். அமைச்சகத்தின் எண் தன் கையில் இல்லை என்றார். ஷேக்கும் அதே கோப்பைகளைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"இறைவனுக்காகப் பத்து விட்டுட்டேன்" என்றார் ஹாத்திம். "ஷேக் மிஸ்ஹிருக்காகப் பத்து. வந்த பெரியவங்களுக்காக அஞ்சு."

பின்வரிசையிலிருந்து பாதுகாப்புப் பிரிவுத் தலைவர், அறிவியலுக்காக ஒரு இரண்டு புள்ளியாவது விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். அறிவியலுக்காக ஒன்றும் விட முடியாது, அதைத்தான் மதிப்பிட வந்திருக்கிறேன் என்றார் ஹாத்திம்.

மீதி பதின்மூன்று. பன்னிரண்டோடு அதைச் சேர்த்து இருபத்தைந்து. அதைத் தன் கண்ணெதிரே உலையில் காட்ட வேண்டும் என்றார். காட்டினால் அலகு பிழைக்கும். "காபியைக் குடிங்க" என்றார். குடித்தோம். முப்பது வருடப் படிப்பில் நான் கற்ற எந்த விதியும் இவ்வளவு சீக்கிரம் எதையும் நிரூபித்ததில்லை.

இருபத்தைந்து சாத்தியம் என்று எனக்குத் தோன்றியது. சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் இருபது வரும், ஆக்சிஜனைத் துளி கூட்டினால் இருபத்தைந்து தொடும். கேட்ட பொருளின் பங்கு குறையும், ஆனாலும் முக்கால்வாசி நிற்கும். ஒரு மணி நேரம் தாங்கினால் போதும், பிறகு பழைய சூட்டுக்கு இறக்கிவிடலாம். வெள்ளைக்காரி தாங்குவாள். நிதாலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் தடவையாக என்னைத் திட்டாமல் தலையசைத்தாள். பல்கலைக்கழகத்தில் மாணவர் பயிற்சிக்கு வைத்திருந்த பாதி சிலிண்டர் மீத்தேனை ஷனாவா தன் வண்டியில் பேரீச்சங்கன்றுகளுக்கு அடியில் வைத்து உள்ளே கொண்டுவந்தான். காவலர்கள் சோதனையிட்டுக் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவற்றுக்கு நோய்ச் சான்றிதழ் இல்லை.

செயல்விளக்க நாளில் ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளி வண்ணம் அடித்திருந்தார்கள். குழாய்களுக்கு, மேஜைக்கால்களுக்கு, ஷனாவாவின் கருவிப்பெட்டிக்கு. உலையின் சூடு காட்டும் எண்பலகைக்கும் அடித்துவிட்டிருந்ததால் அதை மட்டும் சுரண்டி எடுத்தோம். கூடாரத்தில் இருந்த எல்லோரும் வந்திருந்தார்கள். உஸ்தாத் ஃபாதில் எழுதிவைக்காமல் பேசினார். அவர் உண்மையாக நம்பியவற்றை எழுதிவைத்துக்கொள்ள மாட்டார்.

"வினையூக்கின்னா என்னன்னு எங்க அபூ வஸீம் எனக்கு ஒரு நாள் சொன்னாரு. நடக்கிற எல்லாத்துலயும் அது கலந்துக்கும். சுத்தி எல்லாம் மாறும், அது மட்டும் மாறாம அப்படியே உக்காந்திருக்கும். அன்னைக்கு எனக்குத் தூக்கமே வரல. சகோதரர்களே, இந்த நாற்காலியில உக்காந்து எத்தனை அரசாங்கத்தைப் பாத்திருக்கேன். எல்லாத்துலயும் கலந்துக்கிட்டேன். ஏதாவது மாறினேனா?"

இல்லை என்று கூட்டம் ஒருமனதாகச் சொன்னது.

நான் உலையை ஏற்றினேன். நிதாலின் கருவி காகிதத்தில் மேடுகளை வரையத் தொடங்கியது. ஒரு மேடு மீத்தேன். அடுத்தது நாங்கள் கேட்ட பொருள், மீத்தைல் குளோரைடு. அதன் மேடு உயரமாக, கூராக நின்றது. இன்னொன்று கரியமில வாயு, சிறு புடைப்பு. பதினெட்டு என்றாள் நிதால். இருபத்தொன்று என்றாள். ஆக்சிஜன் குமிழை ஒரு மயிரிழை திருப்பினேன். கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"இருபத்தஞ்சு" என்றாள்.

ஷேக் மிஸ்ஹிர் எழுந்து உஸ்தாத் ஹாத்திமின் தோளில் முத்தமிட்டார். கூடாரத்தில் பேசியது நிறைவேறிவிட்டது. எட்டு வருடத்தில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் குமிழ்களுக்கு அருகில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

உஸ்தாத் ஃபாதில் நின்றுகொண்டிருந்தார்.

"இதைத் திருப்பினா எண்ணு ஏறுதா, கண்ணு?"

ஏறும், ஆனால் திருப்பக் கூடாது என்றேன். அவர் முதல் பாதியைக் கேட்டார். சூட்டுக் குமிழைத் திருப்பினார். நிதால் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அளந்ததைச் சொல்லாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. நாற்பது என்றாள். கை தட்டினார்கள். அந்த இன்னொரு குமிழ் என்ன என்று கேட்டார். ஆக்சிஜன், வேண்டாம் என்றேன். அதையும் திருப்பினார். எழுபது. ஷனாவா அமைதியாகக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டான். நான் மின்சாரத்தை நிறுத்தப் போனேன். உஸ்தாத் ஹாத்திம் என் கையைப் பிடித்துக்கொண்டார். தன்னடக்கத்துக்கும் ஒரு எல்லை உண்டு என்று சொன்னார். குவார்ட்ஸ் குழாய் ஆரஞ்சு நிறமானது, பிறகு மஞ்சள். வெள்ளைக்காரி உள்ளே சுருங்கிக் கட்டியாவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குழாயின் சுவரிலிருந்து அவள் விலகினாள்.

"தொண்ணூத்தொம்பது" என்றாள் நிதால். "ஆனா ஒண்ணு சொல்லணும். நாம கேட்ட பொருள் இப்ப சுத்தமா இல்ல. எல்லாம் எரிஞ்சு போகுது. கரியமில வாயுவும் தண்ணியும்தான் வருது."

கைதட்டல் நின்றது. உஸ்தாத் ஹாத்திம் நேர்மையான மனிதர். தெரியாததைக் கேட்டுவிடுவார். என் பக்கம் திரும்பி, வெளியே கம்பங்களில் வருவதும் இதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"அதே வேலையா?"

"அதே வேலைதான்."

"அதுக்கு இந்தப் பொடி வேணுமா?"

"வேணாம்."

"ஹாலந்து சிலிண்டர்?"

"வேணாம்."

"அங்க மாற்ற விகிதம் எவ்வளவு இருக்கும், டாக்டர்? குத்துமதிப்பா?"

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எனக்கு விடை தெரிந்த கேள்வி அது. தெரிந்த கேள்விக்கு முன்னால் நான் என்றுமே நல்ல மாணவன்.

"காத்து அடிக்காத நாள்ல தொண்ணூத்தெட்டு" என்றேன்.

அவர் சன்னலுக்குப் போனார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டின் மிகப்பெரிய உலைகள் பதினொன்று இத்தனை காலமாக யாருடைய பெயரிலும் இல்லாமல் இயங்கி வந்திருக்கின்றனவே என்று மெல்லிய குரலில் சொன்னார். குரலில் உண்மையான துக்கம் இருந்தது. உஸ்தாத் ஃபாதில் என் தோளில் கை வைத்தார்.

ஜூனில் பதினொரு கம்பங்களும் எங்கள் அலகின் கீழ் கொண்டுவரப்பட்டன. அலகு மூடப்படவில்லை. ஸமாவாவுக்கு யாரும் மாற்றப்படவில்லை. எனக்குத் தலைமை ஆய்வாளர் பதவி கிடைத்தது, வாசலில் என் பெயரோடு பலகையும். காலையில் வந்து மேல்மாடிச் சன்னலில் நின்று, பதினொன்றும் எரிகின்றனவா என்று பார்ப்பது என் ஆராய்ச்சி. எரிந்தால் மாற்றம் நடக்கிறது. என் மனைவி மகிழ்ந்தாள். வீட்டில் இப்போது வெள்ளைக்காரி பேச்சே இல்லை.

ஆண்டு மதிப்பீட்டில் கட்டடப் பராமரிப்புக்கு அடுத்தபடியாக நாங்கள் இரண்டாவது. முதலிடத்துக்கு என்ன செய்யலாம் என்று இயக்குநர் கேட்டார். காற்றை நிறுத்த முடியுமானால் ஒரு புள்ளி கூடும் என்றேன். வேடிக்கைக்குச் சொன்னது. கம்பங்களைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்ப ஒரு குழு போடப்பட்டது. அதற்கும் நான்தான் தலைவர்.

நிதால் ஒரு நாள் தன் அளவுக் கருவியைத் துணியால் மூடிவிட்டு என் அறைக்கு வந்தாள். ஸமாவா உப்புக் கிடங்குக்குத் தானாகவே மாற்றம் கேட்டிருப்பதாகச் சொன்னாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"உப்பு" என்றாள். "உள்ள போனா உப்பு, வெளிய வந்தா உப்பு. மாற்ற விகிதம் பூஜ்யம். யாரும் வந்து குமிழைத் திருப்ப மாட்டாங்க."

அவளைத் தடுக்க ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் வாசலில் இருந்த என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு அவளே ஒன்று கேட்டாள். "ஷனாவா புறாக்கள் இப்ப என்ன நிறம்னு பாத்தீங்களா?" என்றாள். பார்க்கவில்லை என்றேன். அவள் போய்விட்டாள்.

ஆகஸ்டில் மின்சாரம் தயாரிக்கும் ஆட்கள் வந்தார்கள். ஏழாம் கம்பத்துக்குப் போகும் வாயுவைக் குழாய் போட்டுப் பிடித்துத் தங்கள் நிலையத்துக்குக் கொண்டுபோகத் தயாராக இருந்தார்கள். அவர்கள் செலவிலேயே. கம்பம் அணைந்துவிடும். ஷனாவா முதல் தடவையாக மேல்மாடிக்கு வந்து, அது நடக்குமா என்று என்னிடம் நேராகக் கேட்டான். அவன் மனைவி இப்போதே சன்னல் திரைகளைக் கழற்றித் துவைக்கத் தொடங்கிவிட்டாளாம். அப்படி நடந்தால் எங்கள் உலைகளில் ஒன்று குறையும், அலகின் உற்பத்தி பாதிக்கப்படும் என்று இயக்குநர் கருதினார். ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும் என்றார். நிலையத்தில் நல்ல நடை உள்ளவன் நான் ஒருவன்தான் என்றும் சொன்னார்.

எழுதினேன். இரண்டு பக்கம். ஆட்சேபம் ஏற்கப்பட்டது.

ஷனாவா அதற்குப் பிறகும் என்னோடு வழக்கம்போல்தான் பேசினான். பழைய உலையைக் கழற்றிக் கிடங்கில் ஒப்படைத்ததும் அவன்தான். குழாய்க்குள் இருந்த பொருளின் பெயரைக் கிடங்கில் கேட்டார்களாம். இவனுக்குத் தெரியாததால் அவர்களே எழுதிக்கொண்டார்கள். வெள்ளைக் கட்டி ஒன்று, பயன் தெரியவில்லை.

2016 செப்டம்பர் 6, செவ்வாய்க்கிழமை, ஹாலந்து சிலிண்டர்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. கம்பங்கள் இப்போது ஆய்வுக் கருவிகள் என்பதால் அவை திறந்த நெருப்பு அல்ல என்று பாதுகாப்புப் பிரிவு அனுமதி வழங்கியிருந்தது. வாயுவின் தூய்மைச் சான்றிதழ் சரியாக இருந்தது. வேறு உலை இல்லாததால் சிலிண்டர்கள் ஏழாம் கம்பத்தில் இணைக்கப்பட்டு அன்று மாலையே எரிக்கப்பட்டன. காற்று இல்லை. மாற்ற விகிதம் தொண்ணூற்றொன்பது.